ரீஸ்டோர் பட்டனை அமுக்குறதுக்கு முன்னாடி, பாப்பா…

பாப்பா, நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்தேன். சமயபுரம் மாரியம்மன் பூச்சொரிதல் வசூல் ஷீட்டில் யாரோ பெயர் இருக்கிற நெடுவரிசையை (காலத்தை) மட்டும் செலக்ட் பண்ணி ‘ஏ டு இசட்’ என்று அடுக்கிவிட்டிருக்கிறார்கள். பெயர்கள் எல்லாம் வரிசையாகப் போய் நின்றுகொண்டன, ரூபாய் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. 501 கொடுத்த பால்காரர் பெயருக்கு நேராக 5,001 நிற்கிறது. 5,001 கொடுத்த அரிசி மில்காரர் பெயருக்கு நேராக 51. மாசிக் கடைசி ஞாயிறு நெருங்கிவிட்டது, பூக்காரருக்கு அட்வான்ஸ் கொடுத்தாகிவிட்டது, வேனும் பேசியாகிவிட்டது. “இனிமே வீடு வீடாப் போய் நீங்க எவ்வளவு குடுத்தீங்கன்னு கேக்கணுமாக்கா?” என்று கேட்டிருக்கிறாய்.

கேட்க வேண்டாம். கூகுள் ஷீட் ஒவ்வொரு மாற்றத்தையும் தேதி, நேரம், யார் என்று எழுதிவைத்துக்கொண்டேதான் இருக்கிறது. பழையதைத் திரும்பக் கொண்டுவருவது இரண்டு க்ளிக் வேலை. அந்த இரண்டு க்ளிக்கை எப்போது, எந்த இடத்தில் போடுவது என்பதில்தான் எல்லோரும் சறுக்குகிறார்கள். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். காபி போட்டுக்கொண்டு வந்து உட்கார்.

முதல் வேலை, வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு வாய்ஸ் மெசேஜ்: “ஷீட்டை யாரும் தொடாதீங்க, நான் சொல்றப்போ திறங்க.” இதை விட்டுவிட்டால், சித்தப்பா ஒரு பக்கம் ‘நானே சரி பண்றேன்’ என்று கையால் திருத்துவார், பெரியம்மா மகன் இன்னொரு பக்கம் மறுபடி அடுக்கிப் பார்ப்பான். தப்பு நடந்ததைவிட, அதற்குப் பிறகு ஆளாளுக்குச் செய்கிற ரிப்பேர்தான் ஷீட்டைப் பாழாக்கும்.

கன்ட்ரோல் இசட் போட்டுப் பார்க்கலாமா என்றால், அடுக்கியது நீயாக இருந்து, அந்த டேபையும் இன்னும் மூடாமல் வைத்திருந்தால் போடு. அடுத்தவர் செய்ததை உன் கன்ட்ரோல் இசட் திருப்பாது. நீ கடைசியாகச் சரியாகப் போட்ட வரியைத்தான் அது அழிக்கும்.

கம்ப்யூட்டரில் உட்கார். போனிலும் ஏதோ செய்யலாம்தான், ஆனால் இந்த வேலைக்குப் பெரிய திரை வேண்டும். ஃபைல் மெனுவில் வெர்ஷன் ஹிஸ்டரி, அதற்குள் சீ வெர்ஷன் ஹிஸ்டரி. மேலே வலது பக்கம் இருக்கிற கடிகாரப் படத்தை அமுக்கினாலும் அதேதான். கீபோர்டு பிடிக்கும் என்றால் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு எச். வலது பக்கத்தில் தேதிவாரியாக ஒரு பட்டியல் திறக்கும். ஒவ்வொருவர் செய்ததும் ஒவ்வொரு நிறத்தில் தெரியும். தேதிக்குப் பக்கத்தில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கிறது பார், நிறையப் பேர் கண்ணில் அது படுவதே இல்லை. அதை விரித்தால்தான் அந்த நாளுக்குள் நடந்த சின்னச் சின்ன மாற்றங்கள் மணிவாரியாகப் பிரியும். உனக்கு வேண்டியது ‘வியாழக்கிழமை ஷீட்’ இல்லை, அடுக்குவதற்குச் சற்று முன்பு இருந்த ஷீட். அதைக் கண்டுபிடிக்கிறவரை விரித்து விரித்துப் பார். பார்ப்பதால் எதுவும் மாறாது, பயப்படாதே.

கிடைத்துவிட்டதா? மேலே ‘ரீஸ்டோர் திஸ் வெர்ஷன்’ என்று ஒரு பட்டன் கூப்பிடும். கையைக் கட்டிக்கொள்.

அந்த பட்டன் ஷீட்டை முழுசாக அந்த நேரத்துக்குக் கொண்டுபோகும். பெயரும் ரூபாயும் சேர்ந்துவிடும், சரி. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமையும் சனிக்கிழமையும் மண்ணச்சநல்லூர் பக்கம் போனவர்கள் வசூல் பண்ணிக் கீழே சேர்த்த வரிகளும் சேர்ந்து காணாமல் போகும். அவர்களுக்கு அது தெரியக்கூடத் தெரியாது. தேர் முடிந்து கணக்கு வாசிக்கும்போதுதான் “எங்க தெருப் பணம் எங்கே?” என்று ஒரு குரல் வரும். கோயில் காசு விஷயத்தில் அப்படி ஒரு கேள்வி வரவே கூடாது.

அதனால் இப்படிச் செய். வெர்ஷன் பட்டியலை விட்டு வெளியே வந்து, இப்போது குழம்பிக் கிடக்கிற ஷீட்டையே ஃபைல் மெனுவில் ‘மேக் எ காப்பி’ கொடுத்து ஒரு நகல் எடு. அதற்கு ‘குழம்பிய நகல்’ என்றே பெயர் வை. பிறகு திரும்ப உள்ளே போய், அடுக்குவதற்கு முந்தைய வெர்ஷனை ரீஸ்டோர் பண்ணு. இப்போது பழைய வரிகள் சரியாகிவிட்டன. அடுக்கிய பிறகு சேர்த்த வரிகள் எல்லாம் குழம்பிய நகலின் அடியில் இருக்கும். அவை அடுக்குக்குப் பிறகு வந்தவை என்பதால் அவற்றில் பெயருக்கு நேராகச் சரியான ரூபாய்தான் இருக்கும். அந்த வரிகளை மட்டும் காப்பி பண்ணிக் கொண்டுவந்து ஒட்டு. குரூப்பில் ஏற்கெனவே போட்டிருக்கிற லிங்க் மாறாது, யாருக்கும் புது லிங்க் அனுப்பி விளக்கம் சொல்ல வேண்டியதும் இல்லை.

நடுவில் ஏதாவது தப்பாகிவிட்டாலும் பதறாதே. ரீஸ்டோர் பண்ணுவதால் நடுவில் இருந்த வெர்ஷன்கள் அழிவதில்லை. ரீஸ்டோர் பண்ணியதே பட்டியலில் ஒரு புது வெர்ஷனாக மேலே ஏறிக்கொள்ளும். அதற்கு முந்தையதையும் மறுபடி எடுக்கலாம்.

ஒரு விஷயம் கவனி. சரி பார்க்கிறேன் என்று மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு ‘டேலி ஆயிடுச்சு’ என்று எழுந்துவிடாதே. ஒரு காலத்தை மட்டும் அடுக்கினால் மொத்தம் மாறவே மாறாது. ஒவ்வொரு வரியும் தப்பாக இருக்கும், கீழே கூட்டுத்தொகை மட்டும் சமர்த்தாகச் சரியாக இருக்கும். இத்தனை நாள் யாருக்கும் சந்தேகம் வராமல் போனதற்கு அதுதான் காரணம். ரசீது புத்தகத்தை எடுத்து, முதலிலிருந்து நாலு, நடுவிலிருந்து நாலு, கடைசியிலிருந்து நாலு பெயரைத் தொட்டுப் பார்த்துச் சரி பார். ஏதாவது ஒரு கட்டத்தில் மட்டும் சந்தேகம் என்றால் அந்தக் கட்டத்தில் ரைட் க்ளிக் பண்ணி ‘ஷோ எடிட் ஹிஸ்டரி’ கொடு. அந்த ஒரு கட்டத்தில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று மட்டும் காட்டும். வரியையே யாராவது நீக்கியிருந்தாலோ, ஃபார்முலா மூலம் தொகை மாறியிருந்தாலோ அதில் தெரியாது. அதற்குப் பெரிய ஹிஸ்டரிக்குத்தான் போக வேண்டும்.

யார் பண்ணாங்கன்னு தேடாதே, பண்ண முடியாதபடி பண்ணு

ஹிஸ்டரியில் ‘அனானிமஸ்’ என்று வருகிறது, யாரென்று தெரியவில்லை என்றாயே. லிங்க் வைத்திருக்கிற யார் வேண்டுமானாலும் எடிட் பண்ணலாம் என்று ஷேர் பண்ணினால், கூகுளில் சைன் இன் பண்ணாமல் திறக்கிறவர்கள் எல்லாம் அந்தப் பெயரில்தான் வருவார்கள். அதைத் தெருவில் கிளப்பி விசாரணை நடத்தாதே, விரலில் பட்டு நடந்த வேலையாகத்தான் இருக்கும். ஷேர் பட்டனுக்குப் போய், லிங்க் உள்ளவர்கள் ‘வியூவர்’ என்று மாற்று. நீ, பொருளாளர் மாமா, இன்னும் ஒருவர், அவ்வளவு பேருக்கு மட்டும் அவரவர் ஜிமெயில் முகவரி போட்டு ‘எடிட்டர்’ கொடு. மற்றவர்கள் வசூல் விவரத்தைக் குரூப்பில் எழுதட்டும், நீங்கள் ஏற்றுங்கள். கொஞ்சம் முணுமுணுப்பார்கள். பரவாயில்லை.

தலைப்பு வரியை ‘ஃப்ரீஸ்’ பண்ணிவை. அடுக்கிப் பார்க்க வேண்டும் என்றால் டேட்டா மெனுவில் ‘சார்ட் ரேஞ்ச்’ பக்கம் போகாதே, அது செலக்ட் பண்ணியதை மட்டும் அடுக்கும். நம் ஷீட்டில் நடந்ததும் அதுதான். ‘சார்ட் ஷீட்’ என்பது முழு வரியையும் சேர்த்து நகர்த்தும். அதைவிட நல்லது ‘ஃபில்டர் வியூ’. அதற்குள் நீ எப்படி அடுக்கினாலும் மற்றவர்கள் திரையில் ஷீட் அப்படியே இருக்கும். பணம் வாங்கி முடித்துக் கணக்கு மூடிய தெருக்களின் வரிகளை ‘ப்ரொடெக்ட் ரேஞ்ச்’ போட்டுப் பூட்டிவிடு.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த பழக்கம் வெர்ஷனுக்குப் பெயர் வைப்பது. ஃபைல், வெர்ஷன் ஹிஸ்டரி, ‘நேம் கரன்ட் வெர்ஷன்’. ‘ஈனாம் சமயபுரம் வசூல் முடிந்தது’, ‘பூ ஆர்டருக்கு முன்’, ‘பெயர் அடுக்குவதற்கு முன்’ என்று நீயே தமிழில் எழுதலாம். கூகுள் இடத்தை மிச்சப்படுத்த அவ்வப்போது பழைய சின்ன வெர்ஷன்களை ஒன்றாகச் சேர்த்துவிடும். மூன்று மாசம் கழித்துத் தேடும்போது தேதிகளின் குவியலில் உனக்கே எது எது என்று தெரியாது. பெயர் வைத்தவற்றை மட்டும் காட்டச் சொன்னால் பட்டியல் சுருங்கிக் கைக்குள் வந்துவிடும். டாக்ஸ் ஃபைலில் 40 வரை, ஷீட்டில் 15 வரை பெயர் வைக்கலாம். ஷீட்டில் இடம் குறைவுதான், அதனால் தினமும் வைக்காதே. பெரிய வேலை ஒன்றைத் தொடங்குவதற்கு முந்தின நிமிஷம் வை. முடித்த பிறகு வைப்பதில் பாதிப் பிரயோஜனம்தான்.

இந்தப் பழக்கம் நம் பக்கத்துக்குப் புதிதில்லை. லால்குடி தாண்டிக் கொள்ளிடத்தின் வடகரையோடு கிழக்கே போனால் திருமழபாடி வருமே, வைத்தியநாதசுவாமி கோயில், அங்கே ராஜராஜ சோழன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் விமானத்தைப் பிரித்துப் புதிதாகக் கட்ட உத்தரவிட்டான். பிரிப்பதற்கு முன் சுவரில் இருந்த கல்வெட்டுகளை எல்லாம் புத்தகத்தில் படியெடுக்கச் சொன்னான். நிலம் யார் கொடுத்தது, விளக்குக்கு எத்தனை ஆடு, எல்லாம் அந்தச் சுவரில்தானே இருந்தது? பத்து வருஷத்துக்கும் மேல் கழித்து, அவன் மகன் ராஜேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில்தான் அவற்றைப் புதுச் சுவரில் வெட்டினார்கள். நடுவில் அப்பா போய் மகன் வந்தாயிற்று, பழைய சுவரும் இல்லை, புத்தகம் இருந்தது. அதற்கும் முன்னால் செம்பியன் மாதேவி தஞ்சாவூர்ப் பக்கம் திருக்கோடிக்காவல் கோயிலைக் கற்றளியாக எடுப்பித்தபோது, பழைய கல்வெட்டுகளைத் திரும்ப வெட்டியதோடு, இது பழைய கல்லிலிருந்து எடுத்த படி என்று அந்தக் கல்லிலேயே குறிப்பும் எழுதவைத்தாள். வெர்ஷனுக்குப் பெயர் வைத்திருக்கிறாள் பார் அந்தம்மா, கல்லில்!

ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு கெடு

மேலே சொன்னதெல்லாம் கூகுள் டாக்ஸ், ஷீட்டிலேயே உருவாக்கிய ஃபைல்களுக்கு. அன்னதான நோட்டீஸ் பிடிஎஃப், ஃப்ளெக்ஸ் டிசைன், போட்டோ இதையெல்லாம் டிரைவில் ஏற்றிவைத்திருக்கிறாயே, அவற்றுக்குச் சட்டம் வேறு. அதே பெயரில் புதியதை ஏற்றினால் ‘பழையதை மாற்றவா, இரண்டையும் வைக்கவா’ என்று டிரைவ் கேட்கும். மாற்று என்றால் பழையது வெர்ஷனாக உள்ளே போய் உட்காரும். ஃபைல்மேல் ரைட் க்ளிக், ‘ஃபைல் இன்ஃபர்மேஷன்’, அதில் ‘மேனேஜ் வெர்ஷன்ஸ்’ போனால் கிடைக்கும். ஆனால் 30 நாள் அல்லது 100 வெர்ஷன், எது முதலில் வருகிறதோ அதோடு போய்விடும். வைத்துக்கொள்ள வேண்டியதற்கு எதிரே ‘கீப் ஃபாரெவர்’ அமுக்கிவிடு. ஃப்ளெக்ஸ் டிசைனர் தம்பி அனுப்புகிற மூல ஃபைலுக்கு இதை அவசியம் செய். பூச்சொரிதலுக்கு அடித்ததையே சித்திரைத் தேருக்குத் தேதி மாற்றி அடிக்கிறீர்கள். மாசிக் கடைசி ஞாயிறிலிருந்து சித்திரை முதல் செவ்வாய் வரை எண்ணிப் பார், 30 நாளைத் தாண்டும். அம்மன் பச்சைப்பட்டினி விரதம் இருக்கிற 28 நாளே கிட்டத்தட்ட அந்தக் கெடுவைத் தின்றுவிடுகிறது.

அழித்தே விட்டால் ட்ராஷில் தேடு, அங்கேயும் 30 நாள். முன்பெல்லாம் நாமாகக் காலி பண்ணுகிறவரை அங்கேயே கிடக்கும். 2020 அக்டோபரிலிருந்து தானாகப் போகிறது. கூகுள் போட்டோஸில், பேக்கப் ஆன படம் என்றால் 60 நாள்; ஆகாதது என்றால் 30. அதிலேயே எடிட் பண்ணிக் கெடுத்த படத்துக்கு மூலத்தைத் திரும்பக் கொண்டுவருகிற வழியும் உண்டு, எடிட் திரையில் ‘ரிவர்ட்’ என்று இருக்கும்.

நம் சின்னவன் காலேஜில் கொடுத்த ஒன்டிரைவ் வைத்திருக்கிறான். அதிலும் ஃபைல்மேல் ரைட் க்ளிக் பண்ணினால் ‘வெர்ஷன் ஹிஸ்டரி’ வரும். சொந்தக் கணக்கு என்றால் கடைசி 25 வெர்ஷன் கிடைக்கும். ரீசைக்கிள் பின் சொந்தக் கணக்குக்கு 30 நாள், ஆபீஸ், காலேஜ் கணக்குக்கு 93 நாள். மைக்ரோசாஃப்ட் 365 சந்தா இருந்தால் மொத்த ஒன்டிரைவையே கடந்த 30 நாளுக்குள் ஏதாவது ஒரு நாளுக்குக் கொண்டுபோகலாம். வைரஸ் புகுந்து எல்லா ஃபைலையும் பூட்டிவிட்டால் கைகொடுப்பது அதுதான். ட்ராப்பாக்ஸ் இலவசக் கணக்கு 30 நாள். ஐபோன்காரர்களுக்கு ஐகிளவுடில் ‘ரீசன்ட்லி டிலீட்டட்’, அதுவும் 30 நாள். உனக்கு 30 என்ற ஒரு எண் மட்டும் நினைவிருந்தால் போதும். எதையாவது காணோம் என்று தெரிந்தால் ‘அப்புறம் பாத்துக்கலாம்’ என்று தள்ளாதே.

இன்னொன்று, சிங்க் வேறு, பேக்கப் வேறு. கம்ப்யூட்டரில் ஒரு ஃபோல்டரை டிரைவோடு இணைத்துவிட்டு ‘ரெண்டு இடத்துல இருக்குக்கா’ என்று சொல்கிறாய். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும், அதுதான் சிங்க். ஒரு ஃபைலுக்கு இரண்டு ஜன்னல் வைத்த மாதிரி. வருஷக் கணக்கு முடிந்ததும் ஒரு தடவை டவுன்லோடு பண்ணிப் பென்டிரைவில் போட்டுப் பீரோவில் வை.

2023 நவம்பரில் உலகம் பூரா ஒரு கலவரம். கம்ப்யூட்டரில் நிறுவுகிற கூகுள் டிரைவ் ஆப்பின் 84ஆம் பதிப்பு வைத்திருந்த சிலருக்குப் பல மாசத்து ஃபைல்கள் திடீரென்று காணவில்லை. கூகுள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? கணக்கைத் துண்டிக்காதீர்கள், ஆப்பின் டேட்டா ஃபோல்டரை அழிக்காதீர்கள் என்றுதான். சில வாரம் கழித்து அடுத்த பதிப்பில் மீட்கிற வழியைக் கொடுத்தார்கள். அந்த ஃபைல்கள் பலருக்குக் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஏறாமல் தங்கியிருந்தவை. பதற்றத்தில் ஆப்பை அன்இன்ஸ்டால் பண்ணி, எல்லாவற்றையும் துடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் யோசி. காணோம் என்றதும் லாக்அவுட், அன்இன்ஸ்டால், ரீசெட் எதுவும் வேண்டாம்.

எந்தப் பெட்டியிலும் கிடைக்கவில்லையா? வாட்ஸ்அப்பில் தேடு. வாட்ஸ்அப்புக்கு வெர்ஷன் ஹிஸ்டரி கிடையாதுதான். ஆனால் ‘ஃபைனல்’, ‘ஃபைனல் புதுசு’, ‘ஃபைனல் புதுசு கரெக்ட்’ என்று நீங்கள் குரூப்பில் போட்ட பிடிஎஃப் எல்லாம் குரூப் பெயரைத் தொட்டு உள்ளே போனால் டாக்ஸ் பகுதியில் தேதிவாரியாகக் கிடக்கும். இத்தனை நாள் அதைக் கேலி பண்ணிய நான் சொல்கிறேன், ஆபத்துக்கு அதுவும் ஒரு ஹிஸ்டரிதான். ஜிமெயில் சென்ட் பெட்டியில் அட்டாச்மென்ட் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடு.

அழிச்சது அழியல

இது நல்ல செய்தியாகவும் இருக்கும், கெட்ட செய்தியாகவும் இருக்கும். பாதயாத்திரை வேன் லிஸ்டில் முதலில் எல்லோர் ஆதார் நம்பரும் போன் நம்பரும் போட்டிருந்தீர்கள். பிறகு யாரோ ஆட்சேபித்ததும் அந்தக் காலத்தை அழித்துவிட்டு, டிரைவருக்கும் சமையல்காரருக்கும் எடிட்டர் உரிமையோடு ஷேர் பண்ணினீர்கள். எடிட்டர் என்றால் வெர்ஷன் ஹிஸ்டரியும் திறக்கும் பாப்பா. அழித்த ஆதார் நம்பர் அத்தனையும் பழைய வெர்ஷனில் பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. வியூவராகக் கொடுத்தால் ஹிஸ்டரி தெரியாது. ஆனால் இந்த மாதிரி விஷயத்தில் அதையும் நம்பி உட்காராதே. சுத்தம் பண்ணிய ஷீட்டை ‘மேக் எ காப்பி’ எடு. நகலுக்குப் பழைய ஹிஸ்டரி ஒட்டிக்கொண்டு வராது. நகலை ஷேர் பண்ணு, மூலத்தில் ஷேரை எடுத்துவிட்டு, வேலை முடிந்ததும் அழி, ட்ராஷிலிருந்தும் அழி. வேலைக்கு மனுப் போடும் கடிதம், சம்பள விவரம், டாக்டர் ரிப்போர்ட் இதற்கெல்லாம் இதே வழிதான்.

வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது என்று கடைவீதியில் ஜெராக்ஸ் கடையில் போய் உட்கார்ந்தாயானால், இன்காக்னிட்டோ ஜன்னலில் திற. மறந்துவிட்டு வந்துவிட்டால் போனில் கூகுள் கணக்குக்குள் ‘செக்யூரிட்டி’ பகுதியில் ‘யுவர் டிவைசஸ்’ என்று இருக்கும், அங்கிருந்தே அந்தக் கடைக் கம்ப்யூட்டரை வெளியேற்றலாம். வெட்கப்பட்டுக்கொண்டு திரும்ப ஓட வேண்டியதில்லை.

தேர் அன்றைக்கு ஆன்லைன் ஷீட்டை நம்பாதே. அந்தக் கூட்டத்தில் போன் பேசவே சிக்னல் இழுக்கும். நீர்மோர்ப் பந்தலில் ஒருவர், கோயில் வாசலில் ஒருவர், டோல்கேட் பக்கம் வேனோடு ஒருவர் என்று ஆஃப்லைனில் ஒரே ஷீட்டை மாற்றிக்கொண்டிருந்தால், சிக்னல் வந்ததும் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். ஒரே கட்டத்தை இருவர் மாற்றியிருந்தால் ஒன்றுதான் நிற்கும். அன்றைக்கு நாற்பது பக்க நோட்டும் பேனாவும் போதும். ராத்திரி வீட்டுக்கு வந்து, ஒரே ஆள் உட்கார்ந்து ஏற்றட்டும். ஏற்றுவதற்கு முன் வெர்ஷனுக்கு ‘தேருக்கு முன்’ என்று பெயர். ஏற்றி முடித்ததும் மேலே ‘சேவ்டு டு டிரைவ்’ என்று வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் லேப்டாப்பை மூட வேண்டும்.

இதெல்லாம் நிஜ ஷீட்டில் பழக பயமாக இருந்தால் தமிழ் விக்கிப்பீடியாவில் போய்ப் பழகு. 2003லிருந்து நடக்கிறது, அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் மேலே வரலாறு என்று ஒரு பொத்தான் உண்டு. சமயபுரம் மாரியம்மன் கோயில் கட்டுரையைத் திறந்து அதைத் தட்டு. யார், என்றைக்கு, எந்த வரியைச் சேர்த்தார்கள், எதை யார் திரும்ப எடுத்தார்கள் என்று அத்தனையும் வரும். இரண்டு தேதியைத் தேர்ந்தெடுத்து ஒப்பிட்டால் வித்தியாசத்தை நிறம் போட்டுக் காட்டும். கணக்குகூட வேண்டாம், சும்மா பார்க்கலாம். அரைமணி நேரம் அதில் மேய்ந்தால் கூகுள் ஹிஸ்டரி உனக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கடைசியாக, யாரும் யோசிக்காத விஷயம். அந்த வசூல் ஷீட் யார் கணக்கில் இருக்கிறது? முதலில் உருவாக்கியது நம் அண்ணன், அவர் இப்போது சிங்கப்பூரில். ஓனர் அவர் என்றால், டிரைவ் நிரம்பிவிட்டது என்று ஒருநாள் அவர் அழித்தால் உங்கள் எல்லோருக்கும் போகும். உன் ட்ராஷில் தேடினால் கிடைக்காது, அவர் ட்ராஷில்தான் இருக்கும். அந்தக் கணக்கை இரண்டு வருஷம் யாரும் திறக்கவில்லை என்றாலும் ஆபத்து, 2023 டிசம்பரிலிருந்து அப்படித் தூங்குகிற கணக்குகளைக் கூகுள் அழிக்கத் தொடங்கிவிட்டது. சின்னவனின் காலேஜ் கணக்கில் ஓனர்ஷிப் வைக்காதே, படிப்பு முடிந்ததும் அந்தக் கணக்கையே மூடிவிடுவார்கள். அவன் ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டையும் இப்போதே சொந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்.

குழுவுக்கென்று ஒரு ஜிமெயில் தொடங்கு, பாஸ்வேர்டு உன்னிடமும் பொருளாளர் மாமாவிடமும் இருக்கட்டும். அண்ணனிடம் ஷேர் பட்டனுக்குள் போய், அந்த முகவரிக்கு எதிரே ‘ட்ரான்ஸ்ஃபர் ஓனர்ஷிப்’ கொடுக்கச் சொல். சிங்கப்பூர் நேரம் நமக்கு இரண்டரை மணி முன்னால், அதனால் சாயங்காலம் ஆறு மணிக்குள் கூப்பிடு. அவர் கொடுத்தால் மட்டும் மாறாது, புதுக் கணக்குக்கு ஒரு மெயில் வரும், அதைத் திறந்து நீ ஏற்றுக்கொள்ள வேண்டும். வரவில்லை என்றால் ஸ்பாமில் பார்.